கேட் பாஸில் ஹெல்பர்

என் தொழிலுக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது நாற்பத்து நாலாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னது ஆஸ்திரேலியா அரசாங்கம்.

அதுவரைக்கும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "மைன்ஸ்ல கான்ட்ராக்ட்" என்பேன். நெய்வேலியில் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். பெர்மனென்ட் என்று சொல்லிப் பாருங்கள், எந்த மைன்ஸ், எந்த கிரேடு, குவார்ட்டர்ஸ் எந்த பிளாக், பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா என்று வரிசையாக வரும். கான்ட்ராக்ட் என்றால் கேட்டவர் பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நான் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடுகிறவன். சுரங்கத்துக்குள்ளிருந்து மண்ணையும் நிலக்கரியையும் மேலே கொண்டுவரும் ரப்பர் பெல்ட், ஒரு ஆள் குறுக்கே படுத்தாலும் இடம் மிச்சமிருக்கும் அகலம். உள்ளுக்குள் எஃகுக் கம்பிகள் ஓடும். அது அறுந்தாலோ தேய்ந்தாலோ இரண்டு முனைகளிலும் ரப்பரைச் சீவி எடுத்து, கம்பிகளை ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் அடுக்கி, நடுவில் வேகாத பச்சை ரப்பர் வைத்து, ஹாட் பிரஸ்ஸுக்குள் அழுத்தி வேகவைக்க வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவன், இருபத்து நாலு வருடம் ஆயிற்று. கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் பழைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு புதுசு கொடுப்பார்கள். எல்லாவற்றிலும் என் போட்டோவுக்குக் கீழே ஒரே வார்த்தைதான், ஹெல்பர்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவில் வெல்டராக இருக்கும் என் மனைவியின் தம்பி, "மாமா, உங்க வேலையும் இதுல வருது பாருங்க" என்று ஒரு லிங்க் அனுப்பினான். அந்த நாட்டுக்குத் தேவைப்படுகிற, வெளிநாட்டு ஆட்களுக்கு விசா கொடுக்கிற தொழில்களின் பட்டியல் அது. தள்ளித் தள்ளிப் போனதில் ஓரிடத்தில் பெல்ட் என்ற சொல் கண்ணில் பட்டது. என் மனைவி பக்கத்தில் தையல் மெஷினில் ஏதோ ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா அப்பிடி முழிச்சிகினு இருக்க? ஊர்ல யாருக்காவது ஒண்ணு ஆயிடுச்சா?" என்றாள்.

"ஒண்ணும் ஆவல. என் வேலைய எழுதி வச்சிருக்கான்."

"எவன்?"

"வெள்ளக்காரன்."

அவள் பிளஸ் டூ. என்னைவிட இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள். போனை வாங்கி, தொழிலின் பெயருக்குக் கீழே இருந்த ஏழு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். படித்துவிட்டு, "நீ தெனம் வந்து இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுவியே, அதெல்லாம் வரிசையா போட்டிருக்கான். இடுப்பு வலிய மட்டும் விட்டுட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தரம் படி என்றேன். அந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை, அதைக் காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டியலை அடிக்கடி மாற்றுவார்கள் என்று மச்சான் வேறு சொல்லிவைத்தான். காலையில் பல் துலக்குவதற்கு முன் பார்ப்பேன். முத்தாண்டிக்குப்பத்தில் பஸ் ஏறியதும் பார்ப்பேன். சுரங்கத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருக்கிற எட்டு மணி நேரத்தில் என் தொழிலை எடுத்துவிட்டார்கள் என்றால் என்ன செய்வது என்று வேலை ஓடாது. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வரும்போது மற்றவர்கள் வண்டியைத் தேடுவார்கள், நான் போனைத் தேடுவேன். "குட்டி போட்ட பூனையாட்டம் ஏன் சுத்திகினே இருக்க" என்று மனைவி அலுத்துக்கொண்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நாற்பத்தைந்து நிரம்பிவிட்டால் விசா கேட்கவே முடியாமல் வாசலையே மூடிவிடுவார்கள். பேப்பர்படி எனக்கு அந்த ஆகஸ்டில் நாற்பத்தைந்து. பேப்பர்படி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். தொட்டுவிட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காக ஒரு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டார். நிஜத்தில் எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. அதை ஆஸ்திரேலியாவில் யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் தொழிலைச் சோதிப்பார்கள். இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்தான் என்று வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். அப்போதிருந்த கான்ட்ராக்டருக்குக் குள்ளஞ்சாவடியில் ஆபீஸ். இரண்டு தரம் போய் ஆள் இல்லாமல் திரும்பி, மூன்றாவது தரம் மேனேஜரைப் பிடித்தேன்.

"ஹெல்பர்னு வேணா இப்பவே அடிச்சுத் தரேன்" என்றார் அவர்.

"ஹெல்பர்னு போட்டா எடுத்துக்க மாட்டாங்க சார். நான் செய்யறது ஃபிட்டர் வேலதான, உங்களுக்கே தெரியுமே."

"தெரியாம என்னாங்க? ஆனா ஃபிட்டர்னு நான் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் இத்தினி நாளு ஏன் ஹெல்பரா வச்சிருந்தன்னு நாளைக்கு நீங்களே கேப்பீங்க."

மனுஷன் விவரமானவர். வெளியே வந்து டீ சொல்லி, குடிக்காமல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பட்டியல் இருந்த அந்த வெப்சைட்டிலேயே இன்னொரு வழியும் எழுதியிருந்தது. வேலை கொடுத்தவரின் கடிதம் கிடைக்காவிட்டால், கூடவே இருந்து வேலையைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் கையெழுத்துப் போட்ட விவரம் இருந்தாலும் பரிசீலிப்பார்களாம். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. எங்கள் சார் இருக்கிறார்.

சார் என்றால் எங்கள் கேங்குக்குப் பொறுப்பான டெக்னீஷியன், பெர்மனென்ட். என்னைவிட நான்கு வயது சின்னவர், மதுரைப் பக்கத்துக் குடும்பம். அப்பா சர்வீஸிலேயே தவறிப்போனதால் அந்த வேலை இவருக்கு வந்தது. வந்த புதிதில் பச்சை ரப்பருக்கும் வெந்த ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாது, என்னிடம்தான் கேட்டுக்கொண்டார். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பெர்மனென்ட் என்ற வீறாப்பு இல்லாதவர். என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருந்தவர். வேலையில் ஒரு ஏற்பாடு பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தது: நான் ஜாயிண்ட் போடுவேன், அவர் ரெஜிஸ்டர் எழுதுவார். பெல்ட் எண், நீளம், வெப்பம், நேரம், கடைசியில் அவருடைய கையெழுத்து. என் பெயருக்கு அதில் கட்டம் கிடையாது, அதை நானும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

மனைவி கடிதத்தை எழுதினாள். வடலூரில் கொடுத்து டைப் அடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு டிபன் டப்பா நிறையப் பலாச்சுளையும் எடுத்துக்கொண்டு சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு காலை அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் வீட்டம்மா டப்பாவை வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். சார் கடிதத்தைப் படித்தார். ஒரு பக்கம்தான். இரண்டு தரம் படித்தார்.

பிறகு உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணே, நானும் போட்டிருக்கேண்ணே" என்றார்.

எதற்கு என்று கேட்டேன். அதே நாடு, அதே பட்டியல், அதே தொழில். ஃபைலைத் திறந்தால் எங்கள் ரெஜிஸ்டரின் நகல்கள். ஒவ்வொரு ஜாயிண்ட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மழையில் தார்ப்பாய் கட்டிப் போட்டது, பொங்கல் அன்று போட்டது, கையில் சூடு பட்டுக்கொண்டே முடித்தது. எல்லாவற்றுக்கும் கீழே அவருடைய அழகான கையெழுத்து.

"பெர்மனென்ட்ட விட்டுட்டா போறீங்க சார்?"

"பிள்ளைங்களுக்காகத்தாண்ணே." குனிந்துகொண்டே சொன்னார். "உங்க லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டா, இந்த ஜாயிண்ட்டெல்லாம் போட்டது நீங்கன்னு ஆயிரும். அப்ப நான் என்ன செஞ்சேன்னு கேப்பான்ல? நான் போய்ச் சேந்துக்கிறேன். ஆறு மாசம். அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதித் தர்றேண்ணே."

"ஆறு மாசத்துல எனக்கு வயசு தாண்டிடும் சார்."

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். எழுந்திருக்காமல் இருந்தேன். ஏனென்றால் அவர் ஃபைலிலிருந்து நான்கு தாளை உருவி என்னிடம் நீட்டினார். ஜாயிண்ட் எப்படிப் போடுவது என்று அவரே எழுதியது. தமிழில் எழுதி வைத்திருந்தார், பிறகு இங்கிலீஷாக்க. "அடுத்த வாரம் வீடியோவுல கேள்வி கேக்குறாண்ணே. ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார். கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் கேட்டார்.

படித்தேன். ரப்பர் சீவுவது, கம்பி அடுக்குவது, எல்லாம் நான் சொன்ன வார்த்தைகளிலேயே இருந்தது. மூன்றாவது தாளில், நேரம் முடிந்ததும் அழுத்தத்தை விட்டு பிரஸ்ஸைத் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அது தப்பு. வெந்து முடிந்ததும் அழுத்தத்தை விடவே கூடாது. அழுத்தம் இருக்கிறபடியே ஆறவிட வேண்டும், கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை. சூட்டோடு திறந்தால் உள்ளே கொப்புளம் கிளம்பிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது, ஓடும்போது பிரிந்துவிடும். இவ்வளவு வருடம் கூட இருந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். யோசித்தால் பதில் சுலபம். வேகிற நேரம் முடிந்ததும் அவர் ரெஜிஸ்டர் எழுத ஷெட்டுக்குப் போய்விடுவார். ஆறுகிற நேரம் முழுவதும் நானும் பிரஸ்ஸும்தான் இருப்போம்.

கெட்ட எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டால் போதும், வீடியோவில் கேட்கிறவன் முதல் கேள்வியிலேயே இவரைப் பிடித்துவிடுவான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நல்லா இருக்கு சார் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தால் ஆயிற்று. ஆனால் இந்த மனுஷன் அங்கே போய் ஒருநாள் நிஜமாகவே பிரஸ் பக்கத்தில் நிற்பார், சூட்டோடு திற என்பார். பெல்ட்டுக்குக் கீழே நிற்கிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன?

"சார், இது தப்பு" என்றேன்.

சொன்னதும் அவர் திகைத்துப்போனார். "அப்படியாண்ணே? நான் பாத்ததே இல்லையே."

"நீங்க அந்நேரம் ரெஜிஸ்டர் எழுதப் போயிருப்பீங்க."

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு நான்கு வரி எழுதினேன். அப்புறம் முதல் தாளிலும் ஒன்றிரண்டு இடம் சரியில்லை என்று தோன்றியது. அதையும் திருத்தினேன். கம்பி அடுக்கும் படத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் கேள்வி கேட்கக் கேட்க எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது, எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வீட்டம்மா இரண்டு தரம் காபி கொடுத்தார். ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பரிமாறுகிறவனைப் பார்த்திருப்பீர்கள், அவன்தான் நான்.

கடைசித் தாளில் விண்ணப்பத்தின் ஒரு கேள்வியை எழுதிக் கட்டம் போட்டிருந்தார், கட்டம் காலியாக இருந்தது. இந்த வேலையை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"சார், இங்க என் பேரப் போடுங்க" என்றேன். உரிமையாகத்தான் சொன்னேன். அது போதும் என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது.

அவர் பேனாவை எடுத்தார். எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"போடலாம்ணே. ஆனா உங்க கேட் பாஸ்ல ஹெல்பர்னுல்ல இருக்கு. ஹெல்பர் சொல்லிக் குடுத்தான்னு போட்டா என் கேஸ் நிக்குமாண்ணே?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் யோசனை கேட்டார். நானும் யோசித்து, "நிக்காது சார்" என்றேன். என் கடிதத்தை அவர் அதே கவரில் மடிப்புக் கலையாமல் போட்டுக் கொடுத்தார். வீட்டம்மா டிபன் டப்பாவைக் கழுவிக் கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அவர் மேல் கோபம், அதைவிட என் மேல் கோபம். இறங்கித் திரும்பிப் போய் அந்தத் தாள்களைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தோன்றியது. சார் வீடியோவில் தேறியதும், ஆகஸ்ட் வந்து எனக்கு வயது தாண்டியதும் பிறகு நடந்தவை. என்னைப் பொறுத்தவரை எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"கையெழுத்து போட்டாரா?"

"இல்ல."

"அப்ப காலையிலேர்ந்து அங்க என்னா பண்ணிகினு இருந்த?"

"அவருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஜாயிண்ட் எப்பிடிப் போடறதுன்னு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் கவரை வாங்கி, தான் எழுதிய கடிதத்தைக் கையெழுத்து இல்லாத அந்த அடிப்பகுதி வரைக்கும் பார்த்தாள்.

"தப்பு இல்லாம எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டாள்.

"தப்பு இல்லாமத்தான் குடுத்தேன்" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.