அக்காவும் அதிவேகப் பாதுகாப்பும்

நான் செய்யும் வேலையை எங்கள் ஊரான மருதனார்மடத்தில் ஒருவருக்கும் முழுதாக விளங்கப்படுத்தி முடித்ததில்லை. விமானத்தோடு சம்பந்தப்பட்ட வேலை என்றால், ரிக்கற் மலிவாக எடுத்துத் தரமுடியுமா என்று கேட்கிறார்கள். பொறியியலாளர் என்றால், கிணற்று மோட்டார் ஏன் இரைகிறது என்று வந்து பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று சொன்னால், பாவம், வேலை போய்விட்டது போல என்று முகத்தை வைத்துக்கொண்டு மெல்ல நழுவுகிறார்கள்.

உண்மையில் என் வேலை சந்தேகப்படுவது. அதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பனி சம்பளமும் தருகிறது. பணக்காரர்கள் சொந்தமாக வைத்துப் பறக்கிற சிறிய ஜெற் விமானங்களில் இப்போது ஓர் ஏற்பாடு வருகிறது. விமானம் தனக்கு விதித்த உச்ச வேகத்தைத் தாண்டப் போனால், விமானியைக் கேட்காமலே கணினி மூக்கைச் சற்று மேலே தூக்கி வேகத்தைக் குறைக்கும். பழைய விதிகளை எழுதியவர்கள் இப்படி ஒரு கணினி வரும் என்று நினைத்திருக்கவில்லை. ஆகவே அதிகாரிகள் இதற்கென்று தனி நிபந்தனைகள் போடுகிறார்கள். தேவையான நேரத்தில் அது வேலை செய்ய வேண்டும். தேவையில்லாத நேரத்தில் விமானியின் கையைப் பிடிக்கக் கூடாது. பழுதாகிப் போனால் பழுது என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் அப்படித்தான் நடக்கும் என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

இந்தத் தொழிலில் ஒரு சொல் மட்டும் ஆகாது. ‘ஒன்றும் நடக்காது’ என்று நாங்கள் எழுதுவதே இல்லை. நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று எழுதுவோம், எவ்வளவு குறைவு என்றும் காட்டுவோம், அதோடு வாயை மூடிக்கொள்வோம். இத்தனை வருடத்தில் எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். ஈரக்கையோடு வயர் பூட்டுகிறவர் ‘ஒண்டும் நடக்காது’ என்பார். மனைவி, பிள்ளைகள், காஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறவரும் அதைத்தான் சொல்வார். எங்கள் ஊரே அந்த ஒரு சொல்லில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அக்கா என் வளவிலேயே, கிணற்றுக்கு அந்தப் பக்க வீட்டில் அத்தானோடு இருக்கிறார். நெல்லியடியில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் கனடாவில். மகளுக்கு இது தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அவள் அழ, மருமகன் ரிக்கற் எடுத்து அனுப்ப, விசாவும் வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறிக்குத் தூள் இடித்துப் பொதியும் கட்டியாயிற்று. அக்கா மட்டும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு என் அறைக்குள் வந்தார்.

“தம்பி, நீ உதிலைதானே வேலை செய்யிறாய். பிளேனிலை போறது பயமில்லைத்தானே?”

புத்தியுள்ளவன் எவனும் அந்த இடத்தில் ஒரே வார்த்தையில் ‘ஓம்’ சொல்லியிருப்பான். நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

“இருங்கோ அக்கா. வடிவா விளங்கப்படுத்திறன்.”

விளங்கியவனுக்குப் பயம் இருக்காது என்பது என் நம்பிக்கை. கணினியைத் திறந்து, இன்னது பழுதானால் இன்னது காப்பாற்றும், அதுவும் போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று வரிசையாகக் காட்டினேன். அதிவேகப் பாதுகாப்பு என்ன என்பதற்கு உதாரணமும் சொன்னேன். அத்தானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும்போது, அவர் கொஞ்சம் வேகமாகப் போனால் அக்கா அவருடைய இடுப்பில் கிள்ளுவார். உடனே வேகம் குறையும்.

“உங்கடை வேலையைத்தான் அக்கா அந்தக் கொம்பியூட்டர் செய்யுது,” என்றேன்.

அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. விமானத்துறையில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய பல வருட மனக்குறை வெளியே வந்தது.

“தேவையில்லாத நேரம் கையைப் பிடிக்கக் கூடாதெண்டோ சட்டம்? உவ சந்தியிலை நிப்பாட்டி வைச்சிருக்கேக்கையும் கிள்ளுறா ஐசே. மற்றப் பக்கத்தாலை ஆடு போனாலும் கிள்ளுறா. உந்த அதிகாரிமார் எங்கடை வீட்டுக்கும் வருவினமோ?”

“நான் கிள்ளாட்டி நீங்கள் எப்பவோ மேலை போயிருப்பியள்,” என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டே எழுந்து போயிருக்க வேண்டிய பேச்சு. ஆனால் கணக்கு ரீச்சர் அல்லவா, கணினித் திரையை மறுபடி பார்த்தார்.

“உது பழுதாப் போனா பைலற்றுக்கு ஆர் சொல்லுறது?”

“விளக்கு எரியும். சத்தமும் கேக்கும்.”

“விளக்கும் சத்தமும் பழுதெண்டா?”

“அதெல்லாம் சேர்ந்து ஒரேயடியாப் பழுதாகிறது மிச்சம் மிச்சம் அரிது அக்கா. நூறு கோடி மணித்தியாலம் பறந்தாலும் ஒருக்கா நடக்கிறதே கஷ்டம்.”

“அரிதெண்டா? சைபரோ, சைபர் இல்லையோ?”

அக்காவிடம் கணக்குப் படித்தவன் நான். பொய் சொல்ல வரவில்லை.

“சைபர் இல்லை.”

“அப்ப நடக்கும்,” என்றார் அக்கா.

நான் பதறிப்போய், இது பணக்காரரின் சின்ன விமானத்துக்கான ஏற்பாடு, நீங்கள் போகிற பெரிய விமானத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அது எரிகிற நெருப்பில் எண்ணெயாகிவிட்டது.

“எங்கடை பிளேனிலை உது இல்லையோ?” என்று கேட்டுவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா ஊர் முழுக்க விசாரித்தார். ஆஞ்சநேயர் கோயில் ஐயர், ஒண்டும் நடக்காது, துணிஞ்சு போட்டு வாங்கோ என்று வடைமாலைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். ரிக்கற் பதிந்த கடைக்காரரும் அதையே சொன்னார். கொழும்புத்துறையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர், தன் வாழ்நாளில் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, தராசைக் கீழே வைத்துவிட்டு, “நான் சொல்லுறன் ரீச்சர், ஒண்டும் நடக்காது,” என்று அடித்துச் சொன்னார். எந்த ஆதாரமும் இல்லாமல் ஆளாளுக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். எனக்கு ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அக்கா அவர்கள் எவரையும் கணக்கில் எடுக்கவில்லை.

“உவையளுக்கு என்ன தெரியும்? உதிலை வேலை செய்யிறவன் எங்கடை வீட்டிலை இருக்கிறான். அவன் ஒண்டும் நடக்காதெண்டு சொல்லேல்லை. அவன் சொல்லேல்லை எண்டா ஏதோ இருக்கு.”

இப்படியாக, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய ஆதாரமாகிவிட்டது. அக்கா பயணப் பெட்டியைத் திறந்து, சரக்குத்தூளை வெளியே எடுத்து, பக்கத்துத் தெருவில் கனடா போகவிருந்த வேறொருவரிடம் கொடுத்துவிட ஏற்பாடு செய்யத் தொடங்கினார். தாய் இங்கே, தூள் அங்கே என்று முடிவாகியது. மகள் வீடியோவில் வந்து அழுதாள். முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கறுத்து, எட்டு மாத வயிற்றோடு தனியாகக் குசினிக்குள் நின்றாள்.

“எனக்கு இஞ்சை ஒருத்தருமில்லை மாமா. அம்மாட்டைச் சொல்லுங்கோ,” என்று என்னைத்தான் கெஞ்சினாள். அவளைத் தூக்கி வளர்த்தவன் நான்.

அன்று அத்தான் நேரே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“ஒரு சொல்லுச் சொன்னா உமக்கு வாயிலை இருந்து முத்தோ கொட்டுண்டு போகப்போகுது?”

“அத்தான், அது எங்கடை தொழிலிலை சொல்லக் கூடாத சொல்லு.”

“இது உம்மடை தொழிலோ? இது என்ரை பெண்சாதி.”

நியாயமான கேள்வி. நான் எழுந்து அக்காவிடம் போனேன். அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடிந்ததைச் சொன்னேன். விமானத்தில் போவதைவிட அத்தானோடு மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போவதில்தான் ஆபத்து அதிகம் என்றேன். அது உண்மை. அக்கா அதை நம்பினார். அதன் பிறகு சந்தைக்கும் நடந்து போகத் தொடங்கினார். அத்தான் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

பயண நாள் விடிந்தது. வான் வண்டியை வரச் சொல்லியாவது பார்ப்போம் என்று அத்தான் பிடிவாதமாகக் கூப்பிட்டிருந்தார். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வான் படலைக்கு முன்னால் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினார்கள். தூள் பொதியும் திரும்ப வந்து ஏறியது. அயலட்டை எல்லாம் ஒழுங்கையில் கூடிவிட்டது. அக்கா நல்ல சேலை கட்டி, திருநீறு பூசி, வெளியே வந்தார். அதைப் பார்த்து அத்தான் மூச்சு விட்டார். அக்கா ஒரு காலைத் தூக்கி வானின் படியில் வைத்தார், வைத்தபடியே நின்றுவிட்டார். மற்றக் கால் நிலத்தைவிட்டு எழும்பவில்லை.

“ஏறுங்கோ அம்மா, ஒண்டும் நடக்காது,” என்றார் வான் றைவர். அந்த மனிதரின் முன்கண்ணாடி ஏற்கெனவே வெடித்திருந்தது.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கை வான் கதவை விடாமல் இறுகப் பிடித்திருந்தது. வகுப்பறையில் அத்தனை பெடியன்களை அடக்கி ஆண்ட கை அது. அக்காவுக்குப் பயம் என்றால் இவ்வளவு பயம் என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. நான் இத்தனை நாளும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த எல்லாப் பழுதுகளும் அந்த நேரம் பார்த்து வரிசையாக மூளைக்குள் வந்து நின்றன. இயந்திரம், இறகு, கணினி, விளக்கு, சத்தம். பறவைகூட வந்தது. சைபர் இல்லை, சைபர் இல்லை என்று மண்டைக்குள் இடித்தது.

“ஒண்டும் நடக்காதக்கா,” என்றேன். “நான் சொல்லுறன். போட்டு வாங்கோ.”

வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதி நீட்டிய பெடியனைப் பார்ப்பதுபோல அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“சரி. போட்டு வாறன்,” என்று ஏறிவிட்டார்.

அக்காவோடு கட்டுநாயக்கா வரை போய்த் திரும்பிவந்த அத்தான் என்னோடு மறுபடி கதைக்கத் தொடங்கினார். அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரம் இல்லாமல் ஒரு உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன், அதுவும் சொந்த அக்காவுக்கு. வேலை ஓடவில்லை. எங்கள் அறிக்கையில் ஓர் இடத்தில், விமானமும் அதிலிருப்போரும் இழக்கப்படலாம் என்று ஒரு வரி வரும். அதைப் பல விமானங்களுக்கு எழுதியிருக்கிறேன், எழுதிவிட்டு மதியச் சோற்றைத் திருப்தியாகச் சாப்பிட்டும் இருக்கிறேன். அன்று அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு உடனே மூடினேன். அதிலிருப்போர் என்றால் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு சரக்குத்தூள் பொதியும் கூடவே இருக்கிறது.

தொலைபேசியில் விமானத்தின் பாதையைக் காட்டுகிற படத்தைப் பார்த்தபடி இருந்தேன். அக்கா இடையில் விமானம் மாறி, இரண்டாவதில் ஏறிவிட்டார். நடுக்கடலுக்கு மேலே போனதும் அந்தச் சின்னப் புள்ளி மறைந்துபோனது. கடலின் மேல் சில இடங்களில் தரவு கிடைக்காது, அதனால் மறையும், பிறகு வரும். இது எனக்கு நன்றாகவே தெரியும். ஊருக்கே விளங்கப்படுத்தக்கூடிய அளவுக்குத் தெரியும். எழுந்து முற்றத்தில் நடக்கத் தொடங்கினேன்.

அத்தான் கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“புள்ளி காணேல்லை அத்தான்.”

“வரும்.”

“வழமையா இவ்வளவு நேரம் ஆகாது.”

“ஒண்டும் நடக்காது ஐசே, இரும்,” என்றார் அத்தான், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இன்னொருமுறை சொல்லமாட்டாரா என்றிருந்தது.

புள்ளி திரும்ப வந்தது. நிலத்தைத் தொட்டது. அதன் பிறகும் தொலைபேசி அடிக்கவில்லை. பெட்டி எடுக்க வேண்டும், கேள்வி கேட்பார்கள், வரிசை இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அடித்தது. மகளின் இலக்கத்திலிருந்து அக்காவின் குரல், வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கிற அதே குரல்.

“வந்து இறங்கியிட்டன். பிள்ளை பக்கத்திலை நிக்கிறாள். நல்லா மெலிஞ்சு போனாள், வயிறு மட்டும்தான் இருக்கு. அத்தான் சாப்பிட்டவரோ? … என்ன, கேக்குதே? தம்பி?”

கேட்டது. கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சியது கனடா வரை கேட்டிருக்க வேண்டும்.

“என்னடா, அழுறியோ?” என்றார் அக்கா. “ஒண்டும் நடக்காதெண்டு நீதானே சொன்னனீ. பிறகேன் அழுறாய்?”

தொலைபேசியை அத்தானிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.