மானாம்பதியில் எதிரே வந்த பஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஒரு சின்ன பஸ் கம்பெனியில் கண்டக்டராக இருந்தேன். என்னோடு ஓடிய டிரைவர் வயதில் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் விசில் தேவைப்பட்டதில்லை. பஸ்ஸின் தகரத்தை நான் தட்டும் விதத்திலேயே, ஏறுவது பிள்ளைத்தாய்ச்சியா கூடைக்காரியா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சித்திரையில் முதலாளி பஸ்களையெல்லாம் காஞ்சிபுரத்துப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் பழைய ஜோடிகளைப் பிரித்துவிட வேண்டும் என்பது புது மேனேஜரின் முடிவு. ஒவ்வொரு பஸ்ஸிலும் அவர்கள் ஆள் ஒருவர், எங்கள் ஆள் ஒருவர். அண்ணா வந்தவாசி லைனுக்குப் போனார். எனக்கு வந்த டிரைவர் அதிகம் பேசாதவர்.

முதல் நாள், பழக்கத்தில் தகரத்தைத் தட்டினேன். வண்டி நகரவில்லை.

"இன்னாய்யா, மாட்டையா தட்டிக்கினு கீற? விசில் ஊது" என்றார். பயணிகள் சிரித்தார்கள். ஊதினேன்.

தினமும் மானாம்பதியில் எதிரே அண்ணாவின் பஸ் வரும். ஹாரனை அமுக்கிக் கையைத் தூக்குவார்; புழுதியில் மறைந்துவிடுவார். படியில் தொங்கியபடி பார்த்துக்கொண்டே இருப்பேன். டிக்கெட் கேட்பவர்கள் தோளைத் தட்டுவார்கள். மத்தியானச் சாப்பாடு தனியாக இறங்காமல் பாதியைக் காக்காய்க்குப் போட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் புது டிரைவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் மானாம்பதியில் ஆள் இறக்க எதிர் பஸ் நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"ரேடியேட்டர் சூடா கீது, தண்ணி ஊத்தணும்" என்று பயணிகளுக்குக் கேட்கச் சொன்னவர், என் பக்கம் திரும்பி மெல்ல, "போய்ப் பேசிட்டு வாய்யா" என்றார்.

ஓடினேன். அண்ணாவும் இறங்கி வந்தார். சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"சாப்ட்டியா?" என்றார் அவர்.

"ஆச்சுண்ணா."

"உன் டிரைவரு எப்டி?"

"நல்ல மனுசன்ணா."

"அப்ப அவரோடயே குந்தி சாப்புடு. தனியா துன்னாத, இளைச்சுப் பூட்ட."

மறுநாள் புது டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தன் ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். வருஷக்கணக்கில் சேர்ந்து ஓடினோம். என் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தவர் அவர்தான்.

அண்ணாவைச் சீக்கிரமே ஆரணிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. மானாம்பதியில் எந்த பஸ் எதிரே வந்தாலும், ஓய்வு பெறும்வரை, முதலில் டிரைவர் சீட்டைத்தான் பார்த்தேன்.