விழாத பாலம்

கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு காலை, அடுக்களையில்தான் மாமனார் முதன்முதலாக மருமகளிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினார்.

“அந்தப் பலகையில ஜாடியை வைக்காதம்மா.”

“ஏன் மாமா? உறுதியாத்தானே இருக்கு?”

“சும்மா இருக்கிற வரைக்கும் உறுதிதான். தாங்குகட்டை மேல ரெண்டு விரக்கடைதான் உட்கார்ந்திருக்கு, பாரு. சுவர் ஆடினா நழுவிடும்.”

“சுவர் எதுக்கு மாமா ஆடணும்?”

அடுப்பருகே நின்ற மாமியார் திரும்பாமலே சொன்னார்: “கேட்டுட்டியா? இனி அடுக்களையையும் பூட்டிடுவார்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. மாமனாருக்கு வரவில்லை.

பாலங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று சோதித்துச் சொல்வது அவர் பார்த்த வேலை. ஊரின் ஆற்றுப் பாலத்தில் தூண்களின் தலைமேல் உத்தரங்கள் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தன. பெரிதாக ஆடினால் நழுவி ஆற்றில் விழும். தூண்தலையை அகலமாக்கி, உத்தரங்களை எஃகுக் கம்பியால் பிணைத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகம் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டது. பாலத்தின் இரண்டு முனையிலும் சுவர் எழுப்பியதோடு சரி.

பேருந்து ஊரைச் சுற்றிப் போனது. பாலத்து முனையில் மாமியாரின் தம்பி வைத்திருந்த சைக்கிள் கடை ஈ ஓட்டி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. “நான் சரிபண்ணத்தான் சொன்னேன், அடைக்கச் சொல்லல” என்று மாமனார் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தார். ஊர் அவருக்குப் பூகம்பம் என்று பெயர் வைத்தது. “ஆடாம உக்காருங்க பூகம்பம், கையில கத்தி இருக்கு” என்பாராம் முடிவெட்டுகிறவர்.

ஒரு மதியம் நிஜமாகவே ஆடியது. பாத்திரங்கள் கலகலத்து அடங்கின. அடுக்களைப் பலகைகூட நகரவில்லை. மாமனார் வீட்டுச் செருப்போடு ஆற்றுக்கு ஓடினார். மருமகள் பின்னாலேயே போனாள்.

பாலம் நின்றுகொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் காக்கைகள்.

“என்ன பூகம்பம், உங்க ஆளு வந்துட்டுப் போயிட்டாரே?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இது சின்னது” என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினாள் மருமகள், இல்லை. இந்த மனிதர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டார்: “நிக்குதா?”

“நிக்குது.”

“என் தம்பி கடை நிக்கலையே.”

அதன்பின் மாமனார் பாலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நெஞ்சுவலி வந்து படுத்த பிறகு, மாத்திரை கொடுக்கப் போனவளிடம் மட்டும் ஒரே ஒரு முறை:

“ஒரு உதவி செய்வியாம்மா?”

“சொல்லுங்க மாமா.”

“எனக்கப்புறம் என்னைக்காவது பெருசா ஆடும். பிள்ளைங்களை வெளிய கொண்டாந்து, எல்லாரும் பத்திரமான்னு பார்த்துட்டு, ஆத்துப் பக்கம் போய்ப் பாரு. விழுந்திருந்தா உங்க அத்தைகிட்ட சொல்லு. நின்னுதுன்னா, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே.”