இருபத்தாறு பேர் செய்த ஒரே தப்பு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘குறுக்குவழி’. அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பத்தொன்பது வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கிறார். நுண்கணிதம் என்றாலே பிள்ளைகளுக்குப் பேயைக் கண்ட மாதிரி. ஆரம்பத்தில் அவரும் பலகையில் வளைகோடு வரைந்து, அதைத் தொட்டுப் போகும் நேர்கோடு வரைந்து, மாறும் வேகம் என்றால் என்னவென்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர்தான். பாதிப் பேருக்குப் பின்னத்தைக் கூட்டவே வராது. அந்த அழகில் வளைகோடு எங்கே மண்டையில் ஏறும்? பாடத்தை முடிக்க நாளும் போதாது. கடைசியில் வகையிடும் கணக்கு எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டார்:

“மேல இருக்கறதக் கீழ இறக்கு, மேல ஒண்ணக் குறை.”

எக்ஸின் தலையில் மூன்று இருந்தால் இது சரி. மூன்று முன்னால் இறங்கும், மேலே இரண்டு நிற்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதிப்பெண் வந்தது, அது போதும்.

இந்த வருஷ முன்தேர்வில் வினை வந்தது. ஒரு கேள்வியில் எக்ஸ் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. கீழே வெறும் எண். அங்கே அந்த வரி செல்லாது. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் எக்ஸைக் கீழே இறக்கி, மேலே ஒன்றைக் குறைத்திருந்தார்கள். விடைத்தாளைத் திருத்திய வேறு பள்ளிக்காரர்கள் ‘காப்பி’ என்று சிவப்பு மையில் எழுதி ஒரு நாள் காலை அனுப்பிவைத்தார்கள்.

“இருபத்தாறு பேரும் ஒரே மாதிரியா தப்பு பண்ணுவாங்க, டீச்சர்?” என்றார் தலைமையாசிரியர். அவரும் ஒரு காலத்தில் கணக்கு எடுத்தவர்தான். “கடிதம் எழுதி வச்சிட்டேன், மேலிடத்துக்கு அனுப்பியாகணும். இவங்க பொதுத்தேர்வு எழுத முடியாது.”

டீச்சர் விடைத்தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “காப்பி இல்ல சார். நான் சொல்லிக்குடுத்ததுதான்.”

“பிள்ளைங்களக் காப்பாத்த நீங்க எதையும் சொல்வீங்க.”

“அந்த இருபத்தாறுல யாராவது ஒருத்தரத் தனியாக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க. நான் வாயத் திறக்கல.”

தலைமையாசிரியர் விவரமானவர்; அந்த இருபத்தாறு பேரில், வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவளை வரவழைத்தார். தாளில் ஐந்து எழுதி, அதன் தலையில் எக்ஸைப் போட்டு, “இத வகையிடும்மா” என்று நீட்டினார்.

டீச்சர் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இவள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறவள். பார்த்திருந்தால் சரியாகப் போட்டுவிடுவாள். அப்புறம் காப்பி என்றே முடிவாகும், இருபத்தாறு பேரின் ஒரு வருஷம் போய்விடும். சரியாப் போட்டுடாதடி கண்ணு, தப்பாப் போடு என்று மனசுக்குள் கெஞ்சினார். தன் வாழ்நாளில் எந்தப் பிள்ளைக்கும் அவர் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அவள் எக்ஸைக் கீழே இறக்கி, மேலே ஒன்றைக் குறைத்து, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தாள்.

தலைமையாசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கிழித்தார். டீச்சருக்கு உடம்பெல்லாம் லேசானது. பிள்ளைகள் தப்பித்தார்கள்.

அவள் மட்டும் ஒன்றும் புரியாமல் டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க சொன்ன வரி மறக்கவே மறக்காது டீச்சர். சரிதானே?”