முதல் வரி மட்டும் போய்ச் சேர்ந்தது

எங்கள் எஸ்டேட்டில் வேலை அறிவிப்பை எல்லோர் போனுக்கும் அனுப்புவது நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்தான். நேற்று இந்த மூன்று வரியை, செய்தியைப் பிடித்துவைக்கும் ஒரு வேரியபிளில் போட்டேன்.

நாளை லீவு.
மேல்காட்டில் மருந்தடிப்பதால் அங்குள்ள ஆட்களுக்கு மட்டும்.
மற்றவர்கள் கொழுந்தெடுக்க வரவும்.

அந்தப் பாழாய்ப்போன வேரியபிள் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டது. அதுவே எல்லோருக்கும் போயிருக்கிறது.

இன்று காலை தோட்டத்தில் ஆளே இல்லை. சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஆளுங்க எங்கண்ணா?”

“ஏனுங்க, நீங்கதான லீவுன்னு அனுப்புனீங்க. நானே மஞ்சூர் பஸ்ல ஏறிட்டனுங்க.”

மேனேஜர் வேறு, “மூணு வரி ஒழுங்கா அனுப்பத் தெரியாதா?” என்கிறார். தெரியாதுதான்.

தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஒரே வரியில் சொல்லுங்கள். மிச்சம் என்னிடம் வந்து சேராது.