ஆர்லீஸின் நான்கு தகரத் தட்டுகள்

பன்னிரண்டாவது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தட்டில் போடுவதென்று ஆர்லீஸ் ஹௌகன் யோசிக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. இடது காலை என் மடியில் நீட்டியிருப்பாள். வீடு தேடி வரும் நர்ஸ் நான்; பழைய கட்டைப் பிரிப்பேன், புண்ணைக் கழுவுவேன், புதுக் கட்டுப் போடுவேன். அவள் குனிந்து பார்க்கவே மாட்டாள். "ஒன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கறேன்" என்பாள்.

அவள் வேலை இதுதான். மார்ச் மாதத்தில் கல்லூரிப் பனி ஹாக்கிப் போட்டிக்குத் தேர்வுக் குழு பதினாறு அணிகளை எடுத்து, ஒன்று முதல் பதினாறு வரை வரிசைப்படுத்தி, நான்கு ஊர்களுக்கு நான்கு நான்காக அனுப்பும். யார் எந்த ஊருக்கு என்பதைக் குழு சொல்வதற்கு முன்பே ஆர்லீஸ் சொல்லிவிடுவாள். பதினாறு சோடா மூடிகள், நான்கு தகரத் தட்டுகள்: மூடி ஒவ்வொன்றும் ஓர் அணி, தட்டு ஒவ்வொன்றும் ஓர் ஊர். முப்பத்தொரு வருடம் தபால் பிரித்த கை. மூடிகள் தட்டில் விழும் ஓசையில் தயக்கம் இருக்காது.

இப்போது கணினியே இதைச் செய்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். "கம்ப்யூட்டருக்கு ரேங்க் தெரியும். யார எங்க அனுப்புனா அரங்கு ரொம்பும்னு அதுக்குத் தெரியுமா?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எழுபத்து நான்கு வயது. கணவனைப் புதைத்த வாரத்திலும் தட்டுகளைக் கழுவி அடுக்கியவள். வீட்டுக்குள்ளும் பின்னல் தொப்பியைக் கழற்ற மாட்டாள். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுடும் ஹாட்டிஷில் உப்புக்குப் பதில் வெள்ளரிக்காய் ஊறுகாய் போடுகிறாள். "அது காய்தானே" என்று என்னிடமே வாதாடுகிறாள்.

ஒவ்வொரு ஆண்டும் புதன்கிழமை காலையில் பௌலிங் கூடத்துச் சுவரில் அவளுடைய தாள் ஒட்டப்படும். எங்கள் ஊர்க் கல்லூரி எங்கே ஆடப்போகிறது என்று எல்லோரும் அதைப் பார்த்துத்தான் விடுதி அறை பிடிக்கிறார்கள். தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. போன ஆண்டு அவள் தாளை ஒட்டிவிட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் அரங்கத்துக்கு எதிரே இருந்த கீழ்த்தள அறைகள் எல்லாம் போய்விட்டன. அவளுக்குக் கிடைத்தது முப்பது மைல் தள்ளி ஒரு மாடி அறை. படியேறி இறங்கியதில் புண் வெடித்தது. இரண்டாம் நாள் ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை. நான்தான் உடனிருந்தேன், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வானொலியில் கேட்டாள்.

இந்த ஆண்டு அதனால் இரண்டு தாள் எழுதினாள். நம் கல்லூரிக்கு எட்டாம் இடம், நான்கு ஊர்களில் ஃபார்கோவுக்குப் போகும் என்பது அவளுடைய உண்மையான கணக்கு. அந்தத் தாள் கைப்பையில் இருந்தது. சுவரில் ஒட்டிய தாளில் நம் கல்லூரி இன்னொரு ஊரான சூ ஃபால்ஸுக்குப் போயிற்று. ஊர் மொத்தமும் சூ ஃபால்ஸில் அறை பிடித்தது. ஆர்லீஸ் ஃபார்கோவில் அரங்கத்துக்கு எதிரே, கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டிய அறையை நிதானமாகத் தொலைபேசியில் பிடித்தாள்.

ஞாயிறு காலை கட்டு மாற்றப் போனபோது மூடிகள் மேசை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"ஏண்டி, நான் பொய் சொன்னேன்ல, அது பலிச்சிருச்சு" என்றாள்.

"காலை ஆட்டாதே."

"ஃபார்கோ போட்டிய நடத்துற காலேஜ் நேத்து ஜெயிச்சுத் தொலைச்சிருச்சு. பதிமூணுல இருந்து பன்னெண்டுக்கு ஏறிருச்சு."

மூடிகளை வைத்துக் காட்டினாள். போட்டி நடத்தும் கல்லூரியைச் சொந்த ஊரை விட்டு நகர்த்த முடியாது. ஒவ்வொரு ஊரிலும் முதல் ஆட்டத்தில் முதல் நான்கு இடத்தாரில் ஒருவர் கடைசி நான்கில் ஒருவரோடு மோதுவார், ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ளவரோடு. பதின்மூன்றாம் இடத்தில் இருந்தவரை அதற்கு எதிரி வேறு யாரோ. பன்னிரண்டுக்கு வந்ததும் முதல் ஆட்டத்திலேயே நம்மோடு மோத வேண்டும். இருவரும் ஒரே லீக். ஒரே லீக்காரர்களை முதல் ஆட்டத்தில் மோதவிட மாட்டார்கள். அப்படியானால் நகர வேண்டியது நாம்தான். எட்டாம் மூடியைத் தூக்கி சூ ஃபால்ஸ் தட்டில் போட்டாள்.

"அங்கே அறை?"

"இருக்கறதெல்லாம் நம்மூர்க்காரனுங்க கையில. நான்தானே அனுப்பி வச்சேன்."

புண்ணில் சீழ் இல்லை. அதைச் சொன்னேன். கண்டிக்கவில்லை, எழுபத்து நான்கு வயதில் கண்டித்து யாரும் திருந்துவதில்லை.

பிற்பகல் பௌலிங் கூடத்துத் தொலைக்காட்சியில் சூ ஃபால்ஸ் என்று அறிவித்ததும் பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி நின்று கைதட்டினார்கள். கணினிகள் எல்லாம் சனிக்கிழமை வரை ஃபார்கோ என்றே சொல்லியிருந்தன. ஆர்லீஸ் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

பனி தள்ளும் வண்டி ஓட்டும் வெர்லின் கோவாச் மட்டும் கைதட்டவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எந்த ஓட்டல்ல தங்கறே ஆர்லீஸ்?"

"இன்னும் புடிக்கல."

"புதன்கிழமையே தெரிஞ்சவ நீ. புடிக்கலையா?"

"ஊர்க்காரங்களுக்கு மொதல்ல கெடைக்கட்டும்னு இருந்தேன்."

பக்கத்து மேசையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நான் சாலட் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"இவ்வளவு நல்லவளா நீ? எனக்கு இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சே" என்றான் வெர்லின்.

"நீ எதத்தான் தெரிஞ்சுக்கிட்டே?"

"எங்கிட்ட கீழ்த்தள ரூம் ஒண்ணு இருக்கு. அரங்கத்துக்கு ரோட்டத் தாண்டுனாப் போதும். ரெண்டு கட்டில்."

ஆர்லீஸ் காபியைக் கீழே வைத்தாள். "நீ எங்க படுப்பே?"

"மச்சான் ரூம்ல சோபா இருக்கு. சும்மா தர மாட்டேன். அடுத்த வருஷம் நீ செவுத்துல ஒட்டறதுக்கு ஒரு நாள் முன்னாடி பேப்பர் எங் கைக்கு வரணும். எனக்கு மட்டும்."

"செவ்வாய்க்கிழமையேவா?"

"செவ்வாய்க்கிழமையே. சத்தியம் பண்ணு."

"பண்றேன்" என்று வலது கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே, தான் ஏமாறவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். மேசை மேல் மரக்கடைக்காரன் இலவசமாகத் தரும் குறிப்புத்தாள் கட்டு ஒன்று கிடந்தது. குலுக்கல் முடிவதற்குள் ஆர்லீஸின் இடது கை அதிலிருந்து அடுத்த ஆண்டுக்கான தாள்களைக் கட்டைவிரலால் எண்ணிக் கிழித்தது: சுவருக்கு ஒன்று, வெர்லினுக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று.