வெள்ளி பூசிய கடப்பாரை

அந்தச் சுவரை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

சேலையூரில் எங்கள் தெரு பள்ளம். மழை பெய்தால் கேம்ப் ரோட்டுத் தண்ணீரெல்லாம் எங்களிடம் வந்து, தெருக்கோடிக் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். பல வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், மனைக்காரர் ஒருவர் கால்வாயின் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார் எங்கள் தெரு இளைஞர் ஒருவர். பள்ளிச் சீருடை தைக்கும் எதிர்வீட்டு பாயிடம் கடப்பாரை வாங்கி, கொட்டும் மழையில், ஒற்றை ஆளாக அந்தச் சுவரை இடித்தார். தண்ணீர் பாய்ந்து ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு தெருவே மூச்சு விட்ட சத்தம்.

அந்த ஓட்டை வழியாக அவரும் ஓடினார். கவுன்சிலர் ஆனார். ஒரு கட்சி, அதை உதறிவிட்டு இன்னொரு கட்சி, பிறகு எம்.எல்.ஏ. கரை வேட்டியின் நிறம் மாறியது, பேனரில் சிரிப்பு மட்டும் அதேதான். தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறி அதே சுவரை இடித்தார். பம்மலில் இடித்தார், கூடுவாஞ்சேரியில் இடித்தார், மைக் கிடைத்த இடத்திலெல்லாம் இடித்தார்.

போன வருடம் அதே இடத்தில் புதுச் சுவர் எழும்பியது. அவருடைய மச்சான் கட்டிய கல்யாண மண்டபத்தின் சுவர்.

முதல் தூறலுக்கே பாயின் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. தையல் மெஷின் மோட்டார்களைத் துடைத்தபடி சொன்னார்: "பெரிய மழை வந்தா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான் சார்."

குடியிருப்போர் சங்கம் கூடியது. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்றேன். வெறுங்கையோடு போனால் அவர் முகம் கோணுமாம். இங்கே கோரிக்கைக்கு முன்னால் பொன்னாடை போக வேண்டும், கூடவே நினைவுப் பரிசும். சங்கச் செயலாளரின் கண் பளபளத்தது.

"அந்த கடப்பாரையவே குடுத்தா இன்னா சார்? பாத்த ஒடனே மனசு எளகிடும்."

பாயிடம் அதை வாங்கி, வெள்ளி பெயின்ட் அடித்து, ரிப்பன் கட்டினார்கள். யாருக்கும் கூச்சமில்லை.

பாராட்டு விழாவுக்கு அவர் வந்தார். கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விசில் பறந்தது. பழைய மழையைச் சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. கைதட்டல் ஓய்ந்ததும் பாய் எழுந்தார்.

"அண்ணா, அதே எடத்துல மறுபடியும் சுவர் நிக்குது. உங்க கையாலயே இடிச்சிடுங்க."

மைக் சிரித்தது.

"பாய் என்னிய இன்னும் வாலிபப் பையன்னே நெனச்சிகினு கீறாரு."

கூட்டமும் சிரித்தது.

"உங்க பொண்ணு நிக்காஹ் நம்ம மண்டபத்துலதான் பாய். வாடகைன்னு எவனாவது கேட்டா என்கிட்ட சொல்லுங்க."

மறுபடியும் கைதட்டல். அடப்பாவிகளா, எதற்குத் தட்டினீர்கள்? பாய் உட்கார்ந்துவிட்டார். மனு செயலாளரின் சட்டைப்பையிலேயே இருந்தது. கடப்பாரை ரிப்பனோடு காரில் ஏறியது.

ஐப்பசியில் வானம் உடைந்தது. நண்பகலுக்குள் தண்ணீர் பாயின் இடுப்பைத் தொட்டது. துணி வெட்டும் மேசைமேல் மெஷின்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். மேசையும் முழுகத் தொடங்கியபோது செயலாளர் நனைந்துகொண்டே வந்தார்.

"பாய், ஒரு கடப்பாரை குடுங்க. நாமளே ஓட்டை போட்டுடலாம்."

பாய் அவரையே பார்த்தார். குரல் உயரவில்லை.

"அவரு ஆபீஸ்ல, கண்ணாடி அலமாரில கீது. ஒரு பொன்னாடைய போட்டு வாங்கிகினு வாங்க."

மழை விட்டதும் பாய் கடையைக் காலி செய்தார். மூடிய ஷட்டரில் எம்.எல்.ஏ.வின் பிறந்தநாள் போஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள். கையில் வெள்ளிக் கடப்பாரை, முகத்தில் அதே சிரிப்பு. காலையில் பால் வாங்கப் போகும்போது கிழிக்கிறேன். மறுநாள் புதிதாக ஒட்டிவிடுகிறார்கள். நானும் விடுவதாக இல்லை.